குறிப்பறிந்து செய்யும் கைத்தொண்டு



பாடத்துக்குள் போகுமுன் உங்கள் இரண்டு கைகளையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். இன்று காலையிலிருந்து இந்தக் கைகள் என்னென்ன செய்தன? பல் துலக்கின, பசியாறின, கைப்பேசியைத் தடவிக்கொண்டே இருந்தன. சரி, வேறு ஒருவருக்காக ஏதாவது செய்தனவா?

எங்கள் கிளைக் கூட்டத்தில் இதே கேள்வியை நான் கேட்டபோது ஒரு தங்கை, “அண்ணே, எங்களுக்குச் செய்ய ஆசைதான். என்ன செய்யறதுன்னுதான் தெரியல” என்றாள். அவள் சொன்னது நியாயம். கைவினை முகாம் நடத்தி, செய்த பொருள்களைக் கொண்டு முதியோருக்கும் எளியோருக்கும் உதவலாம் என்று பல கிளைகள் இப்போது முன்வருகின்றன. நல்ல எண்ணம். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1. இருபது போர்வைகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், எங்கள் கிளை முதல் கைவினை முகாமை நடத்தியது. கோயில் மண்டபத்தில் இரண்டு நாள். இடைநிலைப்பள்ளி மாணவர்களும் வேலைக்குப் போகிற இளைஞர்களுமாக 24 பேர். நான்தான் பொறுப்பாளர்.

வீடு வீடாகப் பழைய சேலைகளைக் கேட்டு வாங்கினோம். சதுரம் சதுரமாக வெட்டினோம். நடுவில் பழைய படுக்கை விரிப்பை வைத்து, மேலும் கீழும் சேலைத் துணியை ஒட்டுப்போட்டுப் போர்வைகளாகத் தைத்தோம். மூன்று அம்மாமார்கள் தையல் இயந்திரம் கொடுத்து உதவினார்கள். இரண்டு நாளில் இருபது போர்வைகள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பார்க்க அவ்வளவு அழகு. புலனக் குழுவில் படம் போட்டதும் வாழ்த்து குவிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொருவர் கையிலும் போர்வையைக் கொடுத்தோம். இரண்டு பஜனைப் பாட்டுப் பாடினோம். எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

கிளம்பும்போது சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தாத்தா என் கையைப் பிடித்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வயதானவர். “தம்பி, போர்வை நல்லா இருக்கு. எனக்கு ஒரு சின்னப் பை தச்சுத் தர முடியுமா? இந்த நாற்காலியில மாட்டுற மாதிரி. மூக்குக் கண்ணாடியும் திருநீறும் வச்சுக்கணும். மடியில வச்சா கீழ விழுந்துடுது, குனிஞ்சு எடுக்க முடியல” என்றார்.

“அதுக்கென்ன தாத்தா, அடுத்த வாரம் கொண்டு வர்றேன்” என்றேன்.

அடுத்த வாரம் உறவினர் வீட்டுத் திருமணம். அதற்கு அடுத்த வாரம் வேலை மாற்றம். பிறகு தைப்பூச வேலைகள். அந்தப் பையைத் தைக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைக்க நான்கு மாதம் ஆனது.

பையை எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மெதுவாகச் சொன்னார்: “தாத்தா போய் மூணு வாரமாச்சு, தம்பி.”

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், அலமாரிக்கு மேலே எங்கள் போர்வைகள். நாங்கள் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அக்காவைக் கேட்டேன். சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

“தப்பா நினைக்காதீங்க தம்பி. இந்த நாட்டு வெயில்ல இவ்வளவு கனமான போர்வையை யாரு போத்திக்குவா? நனைஞ்சுட்டா காய ரெண்டு நாள் ஆவுது. இருக்கறது ஒரே ஒரு துவைக்கிற மெஷின். நீங்க ஆசையா செஞ்சது, வேணாம்னு சொல்ல மனசு வரல.”

கேட்காத இருபது போர்வைகளைக் கொடுத்திருக்கிறோம். வாய் திறந்து கேட்ட ஒரே ஒரு பையைக் கொடுக்கவில்லை. இதுதான் என் முதல் முகாமின் உண்மையான கணக்கு.

பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அதில் கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். உள்ளே மருந்து, சீப்பு, கைக்குட்டை. என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, “அதை இங்க மாட்டு” என்றார். மாட்டினேன். மறுமாதம் போனபோது மூன்று பேர் கேட்டார்கள்: “எனக்கு எப்ப தம்பி?”

2. நம் சமயம் காட்டும் கைத்தொண்டு

வீட்டுக்கு வந்து பெரிய புராணக் கதைகளை மீண்டும் படித்தேன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நூல். 63 நாயன்மார்களில் பலர் கைத்தொழில் செய்து வாழ்ந்தவர்கள். தொழில் வேறு, தொண்டு வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தெரிந்த தொழிலையே தொண்டாக்கினார்கள். மூன்று பேரை மட்டும் இங்கே பார்ப்போம்.

திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். மண்பாண்டம் செய்து விற்றுப் பிழைத்தார். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதைத் தம் தொண்டாக வைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் கைக்கு அழகான பூச்சாடியும் வந்திருக்கும், சிற்பமும் வந்திருக்கும். ஆனால் பிச்சை ஏற்று உண்ணும் அடியாருக்கு எது வேண்டும்? ஓடுதான் வேண்டும். அது இல்லாவிட்டால் அன்றைய சோறு இல்லை.

நேச நாயனார் காம்பீலி என்ற ஊரில் நெசவாளர். அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தவர். கீள் என்பது கோவணத்தை இடுப்பில் தாங்கும் துணிப்பட்டை. எவ்வளவு சின்னப் பொருள் பாருங்கள்! மேடையில் வைத்துப் படம் எடுக்கிற பொருளா அது? ஆனால் தினமும் வேண்டிய பொருள். இவரைப் பற்றிச் சேக்கிழார் சொல்வது இன்னும் அருமை. மனம் சிவனடியில், வாக்கு ஐந்தெழுத்தில், கையின் தொழில் அடியவருக்காக. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. இதைவிட நல்ல முகாம் அட்டவணை வேறு வேண்டுமா?

மூன்றாமவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். காஞ்சிபுரத்தில் துணி வெளுக்கும் தொழில் செய்தவர். அடியார்களின் மனக்குறிப்பை அறிந்து தொண்டு செய்ததால்தான் அவருக்கு இந்தப் பெயர். இறைவன் ஒருநாள் மெலிந்த ஏழை அடியாராக, அழுக்கேறிய கந்தையோடு அவர்முன் வந்தார். குளிர்காலம். இவர் துணியை வெளுத்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கினார். “பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், குளிர் தாங்க மாட்டேன்” என்பது அடியார் போட்ட நிபந்தனை. நாயனார் ஒப்புக்கொண்டார். துணியைத் துவைத்துக் காயவைக்கும் நேரத்தில் வானம் இருண்டது. மழை விடவே இல்லை. மாலையும் வந்துவிட்டது. சொன்ன நேரத்தில் கொடுக்க முடியவில்லையே, ஒரு ஏழை அடியார் குளிரில் வாடுவாரே என்று தாங்காமல், துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போனார். அந்தக் கல்லின் பக்கத்திலிருந்து இறைவனுடைய கை எழுந்து அவரைத் தடுத்துப் பிடித்தது.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, ‘ஒரு துணிக்காக இவ்வளவா?’ என்று நினைத்திருக்கிறேன். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இல்லாதவருக்கு ஒரு துணி, ஒரு பை என்பது சின்ன விஷயம் இல்லை. கொடுத்த வாக்கும் சின்ன விஷயம் இல்லை. நாயனாருக்கு மழை வந்தது. எனக்கு மழைகூட வரவில்லை, தம்பிகளே. மறதிதான் வந்தது.

இந்த மூன்று கதைகளிலும் ஒரு பொதுச் செய்தி இருக்கிறது. கொடுக்கிறவருக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்பதில் தொண்டு தொடங்கவில்லை. பெறுகிறவருக்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்கியது. வள்ளுவரும் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். அரசனுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் காதலருக்கும் தேவைப்படுகிற அந்தப் பண்பு தொண்டருக்கும் தேவை.

3. நூல் கோத்த பிள்ளைகள்

மறுவருடம் இரண்டாவது முகாம் வைத்தோம். இந்தத் தடவை முகாமுக்கு மூன்று வாரம் முன்பே ஐந்து பேர் இல்லத்துக்குப் போனோம். கையில் பரிசுப் பொருள் எதுவும் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். சும்மா உட்கார்ந்து பேசினோம். எங்கே நடக்க முடிகிறது, எது கைக்கு எட்டவில்லை, இரவில் எதைத் தேடுகிறார்கள் என்று கவனித்தோம். ஒருவருக்குக் கண்ணாடி வைக்க இடம் வேண்டும். ஒருவருக்கு வலது கை வராது, பையை இடது பக்கம்தான் மாட்ட வேண்டும். ஒரு பாட்டிக்கு மூடி வைத்த பையே வேண்டாம், “மூடினா எனக்குத் திறக்க வராது” என்றார். இவையெல்லாம் மண்டபத்தில் உட்கார்ந்து யோசித்தால் தெரியுமா?

அந்த இருபது போர்வைகளையும் அக்காவிடம் அனுமதி கேட்டுத் திரும்ப வாங்கினோம். தையலைப் பிரித்தோம். முதல் வருடம் ஆசையாகத் தைத்த பிள்ளைகளே உட்கார்ந்து பிரித்தார்கள். சிலருக்கு முகம் வாடிவிட்டது. “பரவாயில்ல, துணி வீணாகப் போகல” என்று நானும் அவர்களோடு உட்கார்ந்து பிரித்தேன்.

முதல் நாள் கோயில் மண்டபத்தில் அளந்து வெட்டினோம். இரண்டாம் நாள் முகாமை இல்லத்தின் கூடத்திலேயே வைத்தோம். நான் எதிர்பாராத ஒன்று அங்கேதான் நடந்தது. வாக்கரில் பையை மாட்டிய அந்தப் பாட்டி எங்கள் தையலைக் கையால் தடவிப் பார்த்தார். “இது என்ன தையல்? ஒரு மாசத்துல பிரிஞ்சிடும். குடு இங்க” என்றார். தோட்டத்தில் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்தவராம். இல்லத்துக்கு வந்து ஊசியைத் தொட்டே வருடக்கணக்காகிவிட்டது. கை இன்னும் மறக்கவில்லை. கண்தான் ஊசித் துளையைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் படிவத்தில் படிக்கிற ஒரு தம்பி, கூட்டத்தில் வாயே திறக்காதவன், பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான், பாட்டி தைத்தார். நூல் தீர்ந்ததும் மறுபடி நீட்டுவார், அவன் கோப்பான். அன்றைக்கு முழுக்க அப்படியே போனது. இடையிடையே பாட்டி திட்டுவதும் அவன் சிரிப்பதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நான்கு பாட்டிமார்கள் ஊசி கேட்டார்கள். ஒரு தாத்தா நாடாவை அளந்து வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். மதியம் போவதற்குள் யார் உதவி செய்கிறார், யார் உதவி பெறுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை கிளம்பும்போது பாட்டி கேட்டார், “அடுத்தது எப்ப?” என்று. போன தடவைபோல் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லவில்லை. நாட்காட்டியைப் பார்த்து, எங்களுக்குள் பேசி, முடியும் என்று தெரிந்த நாளைச் சொன்னோம். அந்த நாளில் போனோம். அந்தத் தம்பி மட்டும் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாரும் சொல்லாமலே மோட்டாரில் போய் வருகிறான்.

4. முகாம் நடத்தும் முறை

உங்கள் கிளையில் இதைச் செய்ய விரும்பினால், நாங்கள் கற்ற சில நடைமுறைகள் இதோ.

முதலில் கேளுங்கள்: முகாமுக்குச் சில வாரங்கள் முன்பே இல்லத்துக்குப் போங்கள். நிர்வாகியிடம் மட்டும் பேசாமல், அங்கே வாழ்கிறவர்களிடமும் பேசுங்கள். “என்ன வேணும்?” என்று நேரே கேட்டால் பெரும்பாலானவர்கள் “ஒண்ணும் வேணாம்” என்றுதான் சொல்வார்கள். நம் தாத்தா பாட்டி பழக்கம் அது. உட்கார்ந்து கவனித்தால் குறிப்புத் தெரியும்.

ஒன்றைச் செய்து சோதியுங்கள்: முப்பது பை தைப்பதற்கு முன் ஒன்றே ஒன்றைத் தைத்துக் கொடுத்து, ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். எங்கள் முதல் மாதிரி அளவுக்கு மீறி ஆழமாக இருந்தது. உள்ளே போன மருந்தைத் தேட வேண்டியிருந்தது. அதன் பிறகு 30 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம், மூன்று அறை என்று வைத்தோம். வாக்கரில் கனமான பையை மாட்டினால் அது சாய்ந்து ஆள் விழக்கூடும். அதனால் பை சிறியதாக இருப்பதே நல்லது. நாடா நீளமாகத் தொங்கிக் காலில் சிக்கக் கூடாது.

துணியை முதலில் துவையுங்கள்: பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். சிவப்பும் நீலமும் சாயம் விடும். வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்தால் பிறகு பிரச்சினை இல்லை. எதைச் செய்தாலும் துவைக்க எளிதா, சீக்கிரம் காயுமா என்று பாருங்கள்.

ஊசியை எண்ணுங்கள்: தொடங்கும்போது எத்தனை ஊசி, முடியும்போது எத்தனை ஊசி என்று எழுதி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பாட்டிமார்கள் வெறுங்காலோடு நடக்கும் இடம் அது.

கையோடு மனமும் சேரட்டும்: எங்கள் முகாம் காலை ஆறு மணிக்குத் தேவாரத்தோடு தொடங்கும். பசியாறிய பிறகு கைப்பேசிகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டுவிடுவோம். முதல் அரைமணி நேரம் யாரும் பேசாமல், மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே வேலை செய்வோம். நேச நாயனார் காட்டிய வழி. தொடக்கத்தில் பிள்ளைகள் நெளிவார்கள். இரண்டாம் நாள் அவர்களே, “அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் அமைதியா இருக்கலாமா?” என்று கேட்பார்கள். தேர்வு, வேலை, வீட்டுக் கவலை என்று ஓடுகிற மனத்துக்கு அந்த அரைமணி நேரம் மருந்து.

படம் எடுக்குமுன் கேளுங்கள்: முதியவர் முகத்தைப் புலனக் குழுவிலோ முகநூலிலோ போட அவரிடம் அனுமதி வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நம் பெயருக்காக அவர் ஏழ்மையைக் காட்டக் கூடாது.

5. காசுக் கணக்கு

இரண்டாவது முகாமில் 36 பைகள் தைத்தோம். 22 பைகள் இல்லத்துக்கு. மீதி 14 பைகளைக் கோயிலில் ஒன்று 15 வெள்ளி என்று விற்றோம். வரவு 210 வெள்ளி. உள்துணிக்கு 60, நாடாவுக்கு 30, கத்தரிக்கோலுக்கு 20, நூலுக்கும் ஊசிக்கும் 18. ஆக 128 வெள்ளி செலவு. மிஞ்சியது 82 வெள்ளி. என்ன வாங்கலாம் என்று இல்லத்து அக்காவிடம் கேட்டோம். துணி காயவைக்கும் தாங்கி கேட்டார். அதையே வாங்கிக் கொடுத்தோம்.

கணக்கைப் படித்ததும் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, 24 பேர் ரெண்டு நாள் வேலை செஞ்சு 82 வெள்ளியா? ஆளுக்கு அஞ்சு வெள்ளி போட்டிருந்தாலே 120 வந்திருக்குமே!”

நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவன் சொன்னது சரிதான். காசுதான் தேவை என்றால், கைவினை நல்ல வழி இல்லை. ஒருவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் பணம் வேண்டும், ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றால், நேராகப் பணமாகவே திரட்டிக் கொடுங்கள். அதையும் முறையாகச் செய்யுங்கள். நம் நாட்டில் வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. காவல்துறை அனுமதி இல்லாமல் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது.

கைத்தொண்டு காசு தர முடியாத ஒன்றுக்காக. கடையில் வாங்கிக் கொடுத்தால் இடது கைப் பாட்டிக்கு இடது பக்கப் பை கிடைக்காது. வருடக்கணக்காக “எனக்கு வேண்டியதை எல்லாம் மத்தவங்கதான் செய்யணும்” என்று இருந்த ஒருவர், “இந்தப் பையை நான் தச்சேன்” என்று சொல்ல முடியாது. பேசாத தம்பிக்குப் பேச ஒரு பாட்டி கிடைத்திருக்க மாட்டார். இவற்றுக்காக இரண்டு நாள் செலவிடுவது நட்டமா என்று அவனையே கேட்டேன். அவன் தலையாட்டவில்லை, யோசித்தான். யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது முகாமுக்கு அவன் பெயரைத்தான் முதலில் கொடுத்தான்.

விற்கும்போது இன்னொன்றையும் மறக்காதீர்கள். வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “வர்ற காசு முழுக்க இல்லத்துக்கு” என்று சொல்லிவிட்டு அதிலிருந்து செலவைக் கழிக்கக் கூடாது. “செலவு போக மீதி இல்லத்துக்கு” என்று அட்டையில் எழுதி மாட்டுங்கள். கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

6. தொண்டு என்ற பெயரில் கூலியைப் பிடுங்காதே

இதுவும் என் தவறுதான். எங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா பூக்கட்டி விற்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். முகாமில் பூத்தொடுக்கக் கற்றுக்கொடுக்க அவரை அழைத்தேன். திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று விடியலில் பறித்து வந்து, மாலை கட்டிச் சாத்திய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், கையோடு தொழிலையும் கற்கலாம் என்பது என் எண்ணம்.

அக்கா மகிழ்ச்சியாக வந்தார், அரை நாள் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் பொன்னாடை போர்த்திக் கைதட்டினோம். அன்று வெள்ளிக்கிழமை. கோயில் வாசலில் அவருக்கு வியாபாரம் நடக்கிற நாள். அரை நாள் கடை மூடியிருந்தது என்று மறுநாள்தான் எனக்கு உறைத்தது. எளியவருக்கு உதவ முகாம் வைத்து, ஒரு எளியவரின் வருமானத்தையே எடுத்துக்கொண்டோம். அடுத்த நாளே கிளைப் பொருளாளரோடு போய்ப் பேசினேன். “பரவாயில்ல தம்பி, கோயில் காரியம்தானே” என்றார். இருந்தாலும் அரை நாள் வரும்படியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். இப்போது சொல்லிக்கொடுக்க வருகிறவருக்குச் சம்பளம் என்று செலவுக் கணக்கில் ஒரு வரி எப்போதும் இருக்கிறது.

பொருள் வாங்கும்போதும் இதே நினைவு இருக்கட்டும். கோல சிலாங்கூர்ப் பக்கம் கம்போங் குவாந்தானில் மண்ணில் அகல் விளக்குச் செய்யும் தமிழ்க் குடும்பத் தொழில் இருக்கிறது. தீபாவளிக்கு விளக்கு வண்ணம் தீட்டும் முகாம் வைத்தால், வெளிநாட்டிலிருந்து வரும் மலிவு விளக்கைத் தேடாமல், நம் நாட்டுக் கைத்தொழிலாளரிடம் வாங்குங்கள். அதுவும் ஒரு கைத்தொண்டுதான்.

7. சிந்திக்க, பேச, செய்ய

கிளைக் கூட்டத்தில் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

அ. உங்கள் கிளை இதுவரை கொடுத்த பொருள்களில், பெற்றவரைக் கேட்டுக் கொடுத்தது எத்தனை? கேட்காமல் கொடுத்தது எத்தனை? கொடுத்த பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?

ஆ. திருநீலகண்டர் ஓடு கொடுத்தார், நேசர் கீளும் கோவணமும் கொடுத்தார். உங்கள் ஊரில் இன்றைக்கு அப்படிப்பட்ட சின்ன, அன்றாடத் தேவை எது?

இ. திருக்குறிப்புத் தொண்டர் கொடுத்த வாக்குக்காக ஏன் அவ்வளவு வருந்தினார்? “அடுத்த வாரம் வர்றேன்” என்று நீங்கள் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறீர்களா?

ஈ. உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த ஒரு கைத்தொழில் எது? குருத்தோலைத் தோரணமா, பின்னலா, பூத்தொடுப்பா, தையலா? அதை அவரிடம் உட்கார்ந்து கேட்டது உண்டா?

செயல்: இந்த மாதத்துக்குள் ஒரு முதியவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையில் எதையும் கொண்டு போகாதீர்கள். அவர் எதைத் தேடுகிறார், எது கைக்கு எட்டாமல் தவிக்கிறார் என்று கவனியுங்கள். அதில் ஒன்றை உங்கள் கையால் செய்து, சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தாத்தாவுக்கு நான் தைத்த பை இன்னும் பாட்டியின் வாக்கரில்தான் தொங்குகிறது. ஒரு மூலை பிரிந்துவிட்டது. புதியது ஒன்று தைத்துத் தருகிறேன் என்றேன். “எதுக்கு? ஊசியில நூலு கோத்துக் குடு, நானே தச்சுக்கறேன்” என்றார். கோத்துக் கொடுத்தேன். தைக்கிறபோது, “இது யாருக்குத் தச்சது?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “சரி, அடுத்த ஊசியைக் கோத்து வை” என்றார்.

அடுத்த மாதப் பாடத்தில் சந்திப்போம். அதற்குள் யாருக்காவது சொன்ன வாக்கு பாக்கி இருந்தால், இன்றைக்கே போய்ச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்